தாய்த்தட்டு மாயமான வழக்கு

திங்கட்கிழமை காலை ஏழே முக்கால். மண் ஆராய்ச்சி நிலையத்தின் இரண்டாம் மாடியில் வளர்ப்புப் பெட்டியின் கதவைத் திறந்த டாக்டரம்மா, திறந்த வாயை மூட மறந்தாள். உள்ளே அடுக்கியிருந்த கண்ணாடித் தட்டுகள் அத்தனையும் மொட்டை. சனிக்கிழமை அவள் ஊசி முனையால் பார்த்துப் பார்த்து இழுத்துவிட்டிருந்த கிருமியின் ஆரஞ்சுப் புள்ளிகளில் ஒன்றுகூட முளைக்கவில்லை.

பக்கத்துக் குளிர்ப்பெட்டியைத் திறந்தாள். நடு அடுக்கில், இடது ஓரத்தில், பல மாதங்களாகக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றி வந்த தாய்த்தட்டு இல்லை.

பிள்ளைகள் சாவு. தாய் மாயம்.

அவள் போலீசுக்குச் சொல்லவில்லை. இயக்குநருக்குச் சொல்லவில்லை, சொன்னால் விசாரணைக் குழு போடுவார், குழு முடிவுக்கு வருவதற்குள் கிருமிக்குப் பேரப்பிள்ளை பிறந்துவிடும். முதல் போன் எதிர்வீட்டு ஏட்டம்மாவுக்குப் போனது. தாலி கட்டிய கணவருக்கே இரண்டாவது போன்தான்.

ஏட்டம்மா உண்மையில் ஏட்டு இல்லை. ஏட்டாக இருந்தபோது அந்தக் குடியிருப்புக்குக் குடிவந்தார். குற்றப்பிரிவு ஆய்வாளராக ஓய்வு பெற்றார். அரசாங்கம் கொடுத்த பதவி உயர்வைக் குடியிருப்பின் நாக்கு கொடுக்கவில்லை. காய்கறிக்காரரிலிருந்து சங்கச் செயலாளர்வரை எல்லோருக்கும் இன்றும் அவர் ஏட்டம்மாதான். ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தார். பிறகு, நாய் வாலை நிமிர்த்த முடியுமா என்று விட்டுவிட்டார். ஆனால் மனசுக்குள் அந்த முள் இருந்தது.

ஓய்வுக்குப் பிறகு அவர் கைக்குத்தான் வேலை போனது, கண்ணுக்கும் காதுக்கும் போகவில்லை. எந்த வீட்டில் குக்கர் கத்துகிறது, எந்த வீட்டில் குக்கருக்குப் பதில் புருஷன் பெண்டாட்டி கத்துகிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மற்றவர்கள் இதை வம்பு என்பார்கள். அவர் கண்காணிப்பு என்பார்.

எதிர்வீட்டுக்காரி டாக்டர் என்று கேள்விப்பட்டதும் குடியிருப்பே இருமிக்கொண்டு அவள் வாசலில் நின்றதையும் ஏட்டம்மா பார்த்திருக்கிறார். "நான் மண்ணுக்கு டாக்டருங்க" என்று அவள் சொல்ல, மறுநாள் மூன்றாம் மாடிக்காரர் வாடிப்போன பூந்தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அப்புறம் ஒருநாள் அவள் பின்புறத் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஒரு கரண்டி மண்ணைத் தோண்டிப் போனாள். அதற்குள் இதுவரை யாரும் பட்டியலிடாத ஒரு பாக்டீரியா இருந்தது என்ற சேதி வந்ததிலிருந்து, குடியிருப்புக்குத் தலைகால் புரியவில்லை. நம்ம தொட்டி, நம்ம மண், நம்ம கிருமி. சங்கக் கூட்டத்தில் அதற்குப் பாராட்டுத் தீர்மானம்கூட நிறைவேற்றியிருக்கிறார்கள்.

போன் வந்த கையோடு ஏட்டம்மா புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினார். படியில் எதிர்ப்பட்டார் டாக்டரம்மாவின் கணவர். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். குடியிருப்பில் அவர் பெயரே கண்ணாடி. அவருக்கு ஒரு வியாதி உண்டு. யார் முகத்திலாவது மங்கிய கண்ணாடியைப் பார்த்துவிட்டால் கை சும்மா இருக்காது. கேட்காமலே கழற்றுவார், ஊதுவார், சட்டைப்பையில் இருக்கும் மஞ்சள் துணியால் துடைப்பார். தரையிலோ மேசையிலோ வைக்க வேண்டி வந்தால் கண்ணாடி மேலே பார்த்தபடிதான் வைப்பார். கவிழ்த்து வைப்பவரைக் கண்டால் கொலைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

அன்றும் ஏட்டம்மாவின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரே பக்கத்தை மூன்று தடவை துடைத்தார்.

"ஏம்ப்பா, பொண்டாட்டி அங்க அழுதுக்கிட்டிருக்கா. நீயும் வாயேன்."

"கடை திறக்கணுங்க்கா. நீங்க போயிட்டு வாங்க."

கடை பத்தரைக்குத்தான் திறக்கும் என்பது ஏட்டம்மாவுக்குத் தெரியும். அதை மனசில் குறித்துக்கொண்டு இறங்கினார். கண்ணாடியின் அம்மா, அதாவது டாக்டரம்மாவின் மாமியார், தன் அறைக் கதவைச் சாத்தி வைத்திருந்ததும் கண்ணில் பட்டது. அந்த அம்மாவின் டிவி சத்தம் வழக்கமாகத் தெருமுனைவரை கேட்கும். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து முணுமுணுப்பாகத்தான் கேட்கிறது. காது மிஷின் வாங்கிவிட்டார்கள் போலிருக்கிறது, நம்மிடம் சொல்லவில்லையே என்று ஏட்டம்மாவுக்கு ஒரு சின்ன வருத்தம்.

ஆராய்ச்சி நிலையத்து வாசலில் காவலாளி நீட்டிய சீட்டில், வந்த காரணம் என்ற இடத்தில் 'நலம் விசாரிக்க' என்று எழுதிவிட்டு உள்ளே போனார். ஒரு வெள்ளைக் கோட்டைக் கொடுத்து மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். பட்டன் போட முடியவில்லை. கோட்டைத் தைத்தவன் மேல் தப்பு.

டாக்டரம்மா மேசை ஓரத்தில் மூக்கு சிவந்து உட்கார்ந்திருந்தாள். ஏட்டம்மா நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அழுகையை அப்புறம் வெச்சுக்கலாம். காணாமப் போனது யாரு? அங்க அடையாளம் சொல்லு."

அவள் சொன்னாள். பார்க்கக் குச்சி மாதிரி, ஒல்லி, நெட்டை. ஜெல்லித் தட்டில் வளர்ந்தால் ஆரஞ்சுப் புள்ளி. நீந்தாது. எந்தெந்தச் சர்க்கரையைச் சாப்பிடும், எதைத் தொடாது, எவ்வளவு சூட்டில் சுருண்டுகொள்ளும் எல்லாம் சோதித்தாயிற்று. கடைசியாக அதன் ஜீன் ஒன்றைப் படித்து, உலகத்தில் இதுவரை பேர் வைத்த பாக்டீரியாக்களின் ஜீன்களோடு ஒப்பிட்டாயிற்று. கைரேகையை ஒப்பிடுகிற மாதிரி. கிடைத்த மிக நெருங்கிய சொந்தமே ஒன்றுவிட்ட சித்தப்பாவின் மச்சான் வகையறா.

"அப்ப பழைய கேடி லிஸ்ட்ல இல்லாத ஆளு."

"ஆமாக்கா. புது இனம்."

"அப்புறம் என்ன? பேரை வெச்சுட வேண்டியதுதானே."

அங்கேதான் சிக்கல் என்றாள். பேர் செல்லுபடியாக வேண்டுமானால், உயிருள்ள கிருமியை இரண்டு வேறு நாடுகளில் இருக்கும் கிருமிக் காப்பகங்களில் ஒப்படைக்க வேண்டும். நாளைக்கு யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிச் சோதித்துப் பார்க்கலாம். இரண்டுக்கும் அனுப்பினாள். இரண்டு இடத்திலிருந்தும் ஒரே பதில்: நீங்கள் அனுப்பிய குழாயில் ஒன்றும் வளரவில்லை, இந்த மாதக் கடைசிக்குள் உயிருள்ளதை அனுப்பாவிட்டால் பதிவை நீக்கிவிடுவோம். இங்கே உறைபெட்டியில் சேமித்து வைத்திருந்த குழாய்களைத் திறந்து சனிக்கிழமை தட்டுகளில் இழுத்துவிட்டாள். அவைதான் இப்போது மொட்டையாக இருப்பவை. மிச்சமிருந்த நம்பிக்கை, மண்ணிலிருந்து முதன்முதலாகக் கிருமி வளர்ந்த அந்தத் தாய்த்தட்டு ஒன்றுதான்.

"உயிரோட ஒண்ணு கையில இல்லேன்னா, நான் இத்தனை நாள் சொன்னது எல்லாம் வெறும் வதந்திக்கா."

ஏட்டம்மாவுக்குச் சுருக்கென்றது. "வதந்தின்னா அவ்வளவு கேவலமா? நான் பிடிச்ச பாதிக் கேசு வதந்தியில ஆரம்பிச்சதுதான்" என்றார். பிறகு, "யார் மேல சந்தேகம்?" என்று கேட்டார்.

அவள் வாயால் சொல்லவில்லை. கண்ணால் அடுத்த மேசையைக் காட்டினாள்.

அடுத்த மேசை மீசையுடையது. அவரும் விஞ்ஞானிதான். ஆளுக்கு முன்னால் மீசை நடந்து வரும். டாக்டரம்மாவின் ஆரஞ்சு, காற்றில் வந்து விழுந்த ஏதோ குப்பை என்று போன மாதம் கூட்டத்திலேயே சொன்னவர். ஏட்டம்மா அவரை ஜன்னலோரம் நிற்கவைத்து விசாரித்தார்.

"அந்தத் தட்டைத் தூக்கிப் போடுன்னு சொன்னீங்களாமே?"

"சொன்னேன். இப்பவும் சொல்வேன். பக்கத்துலயே வேற ஒண்ணு வளர்ந்து கிடந்த தட்டு அது. அதை வெச்சுக்கிட்டு புது இனம்னு சொன்னா உலகம் சிரிக்கும்."

"சனிக்கிழமை எங்க இருந்தீங்க?"

"பல் பிடுங்கிக்கிட்டிருந்தேன். வேணும்னா வாயத் திறந்து காட்டட்டுமா?"

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஏட்டம்மா காட்டச் சொன்னார். பல் இருந்த இடத்தில் புதுக்குழி இருந்தது.

அடுத்து சுத்தம். ஆய்வகத்து உதவியாளர். தண்ணீரைக் கழுவிவிட்டுக் குடிக்கிற ஆள் என்று அவரைச் சொல்வார்கள். திங்கள்தோறும் விடிந்ததும் வந்து குளிர்ப்பெட்டியைத் துழாவி, கெட்டுப்போன தட்டுகளை எல்லாம் பொறுக்கிப் பெரிய அழுத்தக் கொதிகலனில் போட்டு வேக வைப்பது அவர் வேலை. அதை அவர் வேலையாகச் செய்வதில்லை, வேள்வியாகச் செய்வார்.

"தாய்த்தட்டை வேக வெச்சுட்டீங்களா?"

"இருந்திருந்தா வெச்சிருப்பேன்" என்றார் சுத்தம், கொஞ்சமும் அசராமல். "ரெண்டு ஜாதி ஒண்ணா வளர்ந்தா அது அழுக்குத் தட்டு. அம்மாகிட்ட பத்து தடவை கேட்டுட்டேன், போட்டுடவான்னு. இன்னைக்குப் போட்டே ஆகணும்னுதான் வந்தேன். வந்து பார்த்தா இல்ல. அந்த அடுக்குல வேற எதையும் தொடல."

"சனிக்கிழமை?"

"மத்தியானமே பூட்டாம போயிட்டேன். அம்மா உள்ள இருந்தாங்க."

அவர் காலடியில் ஒரு கூடை நிறைய, கொதிகலனுக்குப் போகக் காத்திருக்கும் தட்டுகள். சனிக்கிழமைக்கும் முந்தைய வாரத்தில் இழுத்த தொகுதி. ஏட்டம்மா குனிந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியைப் புதுசாகத் துடைத்திருந்ததால் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. ஒரு தட்டின் மூடி ஓரத்தில் விரிசல். விரிசலுக்கு நேர் கீழே ஜெல்லியின் மேல் வெள்ளைத் திட்டு ஒன்று. அதைச் சுற்றி மட்டும், வெளுத்த துணியில் போகாமல் நின்ற கறை மாதிரி, ஏதோ மங்கலான சாயை. தட்டின் மற்ற பாகமெல்லாம் வெறுமை.

"இந்தக் கூடையை நான் சொல்ற வரைக்கும் வேக வெக்காதீங்க."

"அழுக்கும்மா அது."

"இருக்கட்டும். நானும் பெரிசா குளிச்சுட்டு வரல."

பத்து மணிக்குக் குளிர்ப்பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே அடுக்கடுக்காகத் தட்டுகள். ஒவ்வொரு தட்டின் தலையிலும் மார்க்கர் பேனாவால் எழுத்து, தேதி. எல்லாத் தட்டுகளுக்குள்ளும் ஆவி படிந்து முத்துமுத்தாக நீர். இடது ஓரத்து அடுக்கில் மட்டும் தலையில் எழுத்தே இல்லை. அந்த அடுக்கின் மூடிகள் வேறு, கண்ணாடியா காற்றா என்று கேட்கிற மாதிரி பளபளத்தன.

"இதுல மட்டும் ஏன் ஒண்ணும் எழுதல?"

"எழுதியிருக்கேனே" என்று டாக்டரம்மா அந்தத் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தாள். எழுத்து மேலே வந்தது. "அடியிலதான் எழுதுவோம். தட்டைக் கவுத்து வைக்கறது எங்க வழக்கம். நேரா வெச்சா மூடியில இருக்கற தண்ணி சொட்டி எல்லாம் கலைஞ்சிடும்." சொல்லிக்கொண்டே மூக்கைத் துடைத்தாள். தான் என்ன செய்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. துக்க வீட்டில் கை தானாக வேலை செய்யும்.

ஏட்டம்மா காபி கேட்டார். இல்லாத தட்டை எப்படிப் பார்ப்பது என்று கேட்டார். அவள் போனில் படம் வைத்திருந்தாள். படத்தில், தட்டின் நடுவே கொழுகொழுவென்று நாலைந்து வெள்ளைத் திட்டுகள். ஒவ்வொன்றையும் சுற்றி, குழாயடியில் குடம் வைத்துக் காத்திருக்கும் கூட்டம் மாதிரி ஆரஞ்சுப் புள்ளிகள். குழாய் இல்லாத இடத்தில் குடமும் இல்லை.

"இந்தப் பருமனான வெள்ளை யாரு? இவரை விசாரிச்சியா?"

"அது சும்மா அழுக்குக்கா. மண்ணுல இருந்து கூடவே ஒட்டிக்கிட்டு வந்தது. அதை ஒதுக்கிட்டு, ஆரஞ்சை மட்டும் ஊசி முனையில தொட்டு புதுத் தட்டுல இழுப்பேன். அங்க வளர்ந்ததுல இருந்து அடுத்த தட்டு. அப்படிப் பல தடவை இழுத்தாத்தான் கலப்பில்லாத ஒரே இனம் கிடைக்கும். எங்க தொழிலுக்கே அதுதான் முதல் பாடம்."

"அப்படி இழுத்தா எப்படி வளர்ந்துச்சு?"

"முதல்ல நல்லா வந்துச்சு. சோதனை எல்லாம் அப்பவே முடிச்சுட்டேன். அடுத்த தடவை கொஞ்சம் சின்னதா. அப்புறம் குண்டூசி முனை. அதைத்தான் காப்பகத்துக்கு அனுப்பினேன், சுத்தமா இருக்கேன்னு. ஜெல்லி சரியில்லன்னு நெனச்சு மூணு கம்பெனி ஜெல்லி மாத்திட்டேன்."

ஏட்டம்மா காபியின் கடைசி மடக்கைக் குடித்தார். "சனிக்கிழமை சாயங்காலம் நீ எங்க இருந்தே?"

"மைக்ராஸ்கோப் ரூம்ல. அவர் கூட்டிட்டுப் போக வந்தார். இங்க கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார், பாவம். அப்புறம் கிளம்பிட்டோம்."

வெளியே வரும்போது காவலாளியிடம் ஒரு வார்த்தை. சனிக்கிழமை மாலை யாரும் எதையும் எடுத்துப் போகவில்லை. அம்மாவின் சாப்பாட்டுப் பையை ஐயா தூக்கிப் போனார், அவ்வளவுதான். நல்ல மனிதர், போகிற போக்கில் என் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தார் என்றார் காவலாளி.

ஏட்டம்மா திரும்பி மாடிப்படி ஏறி, மூவரையும் பார்த்துச் சொன்னார்: "எல்லாரும் கிளம்புங்க. திருட்டுப் பொருள் இருக்கற இடம் தெரிஞ்சுபோச்சு."

மதியம் பன்னிரண்டரைக்கு டாக்டரம்மாவின் மாமியார் அறையில் நிற்க இடமில்லை. மீசை கட்டில் ஓரத்தில். சுத்தம் எதையும் தொடாமல் கைகளைத் தூக்கிக்கொண்டு வாசலில். கடையிலிருந்து வரவழைக்கப்பட்ட கண்ணாடி சுவரோடு சுவராக. டிவி ஓடிக்கொண்டிருந்தது, காதில் விழாத சத்தத்தில். மாமியார் நாற்காலியில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தார். காது மிஷினைக் காணோம்.

"முதல்ல திருட்டு" என்றார் ஏட்டம்மா. "மீசைக்காரரோ சுத்தமோ அதை எடுத்திருந்தா, மிச்சத் தட்டை எல்லாம் பழையபடி கவுத்துத்தான் வெச்சிருப்பாங்க. தூக்கத்துல எழுப்பினாலும் இவங்க கை அப்படித்தான் வைக்கும். இந்தம்மாவே அழுதுக்கிட்டே கவுத்து வெச்சா. ஆனா அந்த ஒரு அடுக்கை மட்டும் யாரோ மேல பார்த்தாப்ல, மரியாதையா, நிமிர்த்தி வெச்சிருக்காங்க. அது மட்டுமில்ல. மூடியில படிஞ்ச ஆவியைக்கூடத் துடைச்சு வெச்சிருக்காங்க. திருட வந்த இடத்துல கண்ணாடி துடைக்கிறவன் ஊர்ல எத்தனை பேர் இருக்க முடியும்?"

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். சுவரோடு ஒட்டியிருந்தவர் சட்டைப்பையிலிருந்த மஞ்சள் துணியை உள்ளே தள்ளினார்.

"நீங்களா?" என்றாள் டாக்டரம்மா.

"மங்கலா இருந்துச்சு" என்றார் அவர், ஈனக்குரலில். "எது தாய்த்தட்டுன்னு தெரியல. துடைச்சுப் பார்த்துத்தான்..."

"அவனை ஏன் மிரட்டறே? எடுத்துட்டு வரச் சொன்னது நான்தான்" என்று மாமியார் எழுந்தார். "அந்தக் கிருமிக்கு உங்க மாமா பேரை வைக்கப் போறியா இல்லையான்னு எத்தனை தடவை கேட்டேன்? சிரிச்சுக்கிட்டே போயிடுவே. சரி, அவர் பேரைத் தாங்கப்போறது எப்படித்தான் இருக்குன்னு வெளிநாட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்க்கலாம்னா, ஆராய்ச்சிப் பொருள் வீட்டுக்கு வரக்கூடாதுன்னுட்டே. திங்கக்கிழமை திருப்பி வெச்சிடுறேன்னான். காலையில நீ போன்ல அழுததும் இவனுக்குக் கை கால் ஓடல."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். கண்ணாடியைப் பார்த்தால் மத்தளமே பரவாயில்லை என்று தோன்றியது.

மாமியார் அலமாரியைத் திறந்தார். மாமனாரின் படத்துக்குப் பக்கத்தில், கல்யாணத்துக்கு வந்த வெள்ளிக் கிண்ணத்தின் மேல், தாய்த்தட்டு அமர்ந்திருந்தது. "சத்தம் ஆகாதோன்னு டிவியைக்கூடக் குறைச்சு வெச்சேன்" என்றார்.

டாக்டரம்மா தட்டை இரண்டு கையாலும் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். குளிரிலிருந்து வெளியே வந்த தெம்பில், வெள்ளைத் திட்டுகளைச் சுற்றி ஆரஞ்சுப் புள்ளிகள் மிளகு அளவுக்குக் கொழுத்திருந்தன. அவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். மீசை எட்டிப் பார்த்தார். இன்னொரு தடவை எட்டிப் பார்த்தார்.

"இது இன்னைக்கு விடியக்காலையில அந்தப் பெட்டியில இருந்திருந்தா, சுத்தம் வேக வெச்சிருப்பார்" என்றார் ஏட்டம்மா. "அதனால திருடனை மன்னிச்சு விட்டுடலாம். இன்னொரு கேசு பாக்கி இருக்கு. பிள்ளைகளைக் கொன்னது யாரு?"

மீசை சுத்தத்தைப் பார்த்தார். சுத்தம் மீசையைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் இல்ல. நீதாம்மா."

டாக்டரம்மா நிமிர்ந்தாள்.

"நான் பாக்டீரியா படிச்சவ இல்ல. குடியிருப்பு படிச்சவ. ஒரு வீட்டுக்காரரு எதிர்வீட்டு வாசல்லயே எப்பவும் நின்னா, அங்க அவருக்கு ஏதோ கிடைக்குதுன்னு அர்த்தம். உன் போட்டோல பாரு, இந்த ஆரஞ்சு ஒண்ணுகூடத் தனியா நிக்கல. எல்லாம் வெள்ளைக்குப் பக்கத்துல. நீ அந்த வெள்ளையை அழுக்குன்னு ஒதுக்கினே. ஒதுக்க ஒதுக்க இது இளைச்சுக்கிட்டே வந்துச்சு. முழுசா சுத்தம் பண்ணினே, முழுசா செத்துச்சு." பைக்குள்ளிருந்து விரிசல் மூடித் தட்டை எடுத்தார். கூடையிலிருந்து எப்போது அதை எடுத்தார் என்று சுத்தத்துக்கே தெரியாது. "இதுவும் நீ இழுத்த மொட்டைத் தட்டுதான். மூடி உடைஞ்சு வெள்ளை உள்ள வந்திருக்கு. வந்த இடத்துல மட்டும் பாரு."

டாக்டரம்மா பார்த்தாள். மங்கலாக, ஆனால் ஆரஞ்சுதான்.

பிறகு டாக்டரம்மா, யாரிடமோ சொல்வதுபோல், "இரும்பு" என்றாள்.

"இருக்கலாம்" என்று மீசை உடனே பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் சண்டையை மறந்து பேச ஆரம்பித்தார்கள். மண்ணில் இரும்பு இருந்தாலும் எல்லாக் கிருமிக்கும் அதை எடுக்கத் தெரியாதாம். வெள்ளை மாதிரிச் சிலது, இரும்பைக் கவ்விக்கொண்டு வருகிற ஒரு பொருளை வெளியே விடுமாம். அதைச் சொந்தமாகச் செய்யத் தெரியாதவை, பக்கத்தில் நின்று அள்ளிக்கொள்ளுமாம். முதலில் எடுத்த ஆரஞ்சு தன் உடம்பில் சேர்த்து வைத்திருந்ததை வைத்துக் கொஞ்ச நாள் ஓட்டியிருக்கிறது; ஒவ்வொரு தட்டு மாறும்போதும் கையிருப்பு கரைந்திருக்கிறது.

"கலப்பில்லாம வளர்க்கறதுதான் முதல் பாடம்னு சொன்னேன்" என்றாள் டாக்டரம்மா. "இதுக்கு முதல் பாடமே வேற."

"அப்ப வெள்ளையையும் சேர்த்து அனுப்பணுமா?" என்று சுத்தம் கேட்டபோது அவர் முகம் வெளிறியிருந்தது.

அனுப்ப வேண்டியிருக்கவில்லை. அடுத்த நாட்களில் டாக்டரம்மா வெள்ளையைத் தனியாகத் திரவத்தில் வளர்த்தாள். கிருமி ஒன்றுகூடத் தப்பாத நுண்ணிய வடிகட்டியில் மீசை அதை வடித்துக் கொடுத்தார். அந்தத் தெளிந்த நீரை ஜெல்லியில் கலந்து, செத்துப்போயின என்று நினைத்த உறைபெட்டிக் குழாய்களிலிருந்தே ஆரஞ்சை இழுத்தாள். மூன்றாம் நாள் தட்டு முழுக்கப் புள்ளி. பக்கத்தில் யாரும் இல்லை. பக்கத்து வீட்டுச் சாப்பாடு மட்டும் இருந்தது. கலப்பில்லாத ஆரஞ்சு, சமையல் குறிப்போடு இரண்டு நாடுகளுக்கும் பறந்தது. மாதக் கடைசிக்குள் இரண்டு காப்பகங்களும் பதில் போட்டன: வளர்கிறது.

வெள்ளையையும் விசாரித்தார்கள். அது எந்தக் கொல்லையிலும் கிடைக்கிற, எப்போதோ பேர் வைத்தாகிவிட்ட சாதாரண ஆசாமி. ஊருக்கு உழைக்கிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறார்கள்.

பேர் வைக்கிற நாள் வந்தது. டாக்டரம்மா மாமியாரிடம் போய் நடந்ததை எல்லாம் விளக்கினாள். இந்தக் கிருமிக்குத் தனியாக ஒன்றும் செய்யத் தெரியாது, பக்கத்தில் ஒருவர் எடுத்துக் கொடுத்தால்தான் உயிர் வாழும், மாமா பேரை வைத்தால் அவருக்குக் குறைவாகிவிடாதா என்று தயங்கிக் கேட்டாள்.

மாமியார் அலமாரியில் இருந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"குளிச்சுட்டு வந்து துண்டு எங்கேன்னு கேப்பார். துண்டு தோள்ல இருக்கும்" என்றார். "நான் ஊருக்குப் போனா ரெண்டு நாள்ல அரை உடம்பா இளைச்சிடுவார். தாராளமா வை. அவரை நேர்ல பார்த்துட்டு வெச்ச மாதிரி இருக்கு."

வைத்தார்கள். டிவி பழைய சத்தத்துக்குத் திரும்பியது. ஒரு மாதத்துக்கு ஆய்வகத்துத் தட்டுகளை எல்லாம் துடைத்துக் கொடுக்க வேண்டும் என்று கண்ணாடிக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் முகத்தைப் பார்த்தவர்கள் அதைத் தண்டனை என்று நம்பவில்லை. சுத்தம், இப்போதெல்லாம் ஒரு தட்டை வேக வைப்பதற்கு முன் யாருடைய பக்கத்தில் யார் இருக்கிறார் என்று ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வைக்கிறார்.

கட்டுரை அச்சில் வந்த அன்று டாக்டரம்மா அதன் கடைசிப் பக்கத்தை ஏட்டம்மாவிடம் காட்டினாள். நன்றி சொல்லும் இடத்தில் வடிகட்டிக் கொடுத்த மீசைக்கு ஒரு வரி. அதற்கு மேலே, முதல் வரி, 'ஓய்வு பெற்ற காவல் ஆய்வாளர்' அவர்களுக்கு. ஏட்டம்மா கண்ணாடியைக் கழற்றித் தானே துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். ஆய்வாளர். உலகம் முழுக்கப் போகிற காகிதத்தில்.

அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு, படியேறி வருகிற எவர் கண்ணிலும் படும்படி வாசலுக்கு நேரே மாட்டினார். மறுநாள் காலை காய்கறிக்காரர் கூடையை இறக்கிவைத்துவிட்டு அதை எழுத்துக்கூட்டி முழுதாகப் படித்தார். படித்து முடித்து, மரியாதையாகத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

"ரொம்பப் பெரிய விஷயங்க" என்றார். "நாம கும்பிட வேண்டிய மனுஷி நீங்க. கத்திரிக்காய் எவ்வளவு போடட்டும், ஏட்டம்மா?"